கல்லூரி வானொலியில் வாரம் ஒரு மணி நேரம் கிடைத்தால் என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி. கல்லூரியின் இணைய வானொலியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் தமிழுக்குக் கிடைத்திருக்கிறது. சிங்கப்பூரில் நடக்கும் கச்சேரிகளையும் மேடை நிகழ்ச்சிகளையும் பதிவுசெய்து போட ஆசை. "அதையெல்லாம் யார் கேட்பார்கள், சினிமாப் பாட்டுப் போடு" என்கிறார்களாம் சீனியர்கள். அனுமதி யாரிடம் வாங்குவது, எப்படிப் பதிவுசெய்வது, இடையில் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, மாணவனாக இருந்தபோது இதே வேலையைச் செய்தவன் நான். அதன் பிறகு பல ஆண்டுகளாக இங்குள்ள கச்சேரிகளுக்கும் கோயில் விழாக்களுக்கும் ஒலியமைப்பு செய்துவருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனியர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. சினிமாப் பாட்டைக் கேட்க ஆள் உண்டு. ஆனால் அதற்காக உங்கள் வானொலியைத் தேடி யாரும் வரமாட்டார்கள். தமிழ் வானொலியான ஒலி 96.8 நாள் முழுக்க இருக்கிறது. கைப்பேசியில் இல்லாத பாட்டே இல்லை. போன சனிக்கிழமை சமூக மன்ற அரங்கில் ஒரு பெண் பாடிய ராகமாலிகை மட்டும் எங்கேயும் கிடைக்காது. நாற்காலிகளை அடுக்கி விளக்கை அணைத்ததோடு அது போயிற்று. அது உங்களிடம் மட்டும் இருக்கிறது என்றால் அந்தப் பெண்ணின் வீட்டார், குரு, குருவின் மற்ற மாணவர்கள், வயலின் வாசித்தவரின் சொந்தக்காரர்கள், மிருதங்கம் வாசித்த பையனோடு படிப்பவர்கள் எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. இவ்வளவு சிறிய சமூகத்தில் மேடையில் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் எப்படியாவது ஒரு தொடர்பு இருக்கும். உங்கள் வானொலிக்கு ஆள் சேரப்போவது அந்த வழியாகத்தான்.

மாணவர் வானொலி எதற்கு என்பதை மற்ற ஊர்களைப் பார்த்தும் புரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 1972இல் கேசிஎம்யூ என்ற வானொலியைத் தொடங்கினார்கள். பெரிய நிலையங்கள் கண்டுகொள்ளாத சியாட்டில் உள்ளூர்க் குழுக்களின் பாட்டை அது போட்டது. பின்னாளில் சவுண்ட்கார்டன் குழுவின் கிட்டார் கலைஞராகப் பெயர் பெற்ற கிம் தயில் அங்கே அறிவிப்பாளராக இருந்தவர். அவருடைய பெற்றோர் கேரளாவிலிருந்து போனவர்கள். அந்த நிலையம் 2001இல் கேஇஎக்ஸ்பி என்று பெயர் மாறி இன்றும் நடக்கிறது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம். 2004 பிப்ரவரி 1ஆம் தேதி 90.4இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. அதன் அலை சுற்று வட்டாரத்தைத் தாண்டிப் போகாது. அதனாலேயே அந்த வட்டாரத்து மக்களைப் பற்றிப் பேச அதற்கு இடம் இருந்தது.

இங்கே நிலைமை வேறு. மாணவர்களுக்கென்று பண்பலை அலைவரிசை கிடைப்பதில்லை. நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியின் ரேடியோ ஹீட்வேவ், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ரேடியோ ஃபியூஷன் எல்லாம் இணையத்தில்தான். அதைக் குறையாக நினைக்காதீர்கள். போட்ட நிகழ்ச்சியை மறுநாளும் கேட்கலாம், மதுரையில் இருக்கும் பாட்டியும் கேட்கலாம். உள்ளூர்ப் பாடல்களுக்கு இடம் கொடுத்துவந்த லஷ் 99.5 நிலையம் பண்பலையிலிருந்து 2017இல் நின்றுபோனது. அது விட்ட இடத்தைப் பெரிய நிலையம் எதுவும் வந்து நிரப்பும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் ஒரு மணி நேரம் அதில் கொஞ்சத்தையாவது நிரப்பும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இதில் கவனக்குறைவு கூடாது. ஒரு மேடைப் பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. பாட்டை எழுதி இசையமைத்தவருடையது ஒன்று, மேடையில் நிகழ்த்துபவருடையது இன்னொன்று. தியாகராஜரும் தீட்சிதரும் பாடல்கள் இயற்றி இரண்டு நூற்றாண்டாகப் போகிறது, அவற்றுக்கு உரிமைத் தொகை கேட்டு யாரும் வரமாட்டார்கள். பாபநாசம் சிவன் அப்படியில்லை. அவர் மறைந்தது 1973இல். சிங்கப்பூர்ச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை காப்புரிமை நீடிக்கும் என்பதால் 2043 முடியும்வரை அவர் பாடல்களுக்கு உரிமை உண்டு. பாரதியார் வரிகள் பொதுச் சொத்து, ஆனால் போன வருடம் ஒருவர் அவற்றுக்குப் போட்ட மெட்டு அவருடையது. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் இங்கே உரிமம் வழங்குவது 1987இல் உருவான கம்பாஸ் அமைப்பு. உங்கள் கல்லூரி எந்த வகை உரிமம் வைத்திருக்கிறது, அது பதிவுசெய்த மேடை நிகழ்ச்சிக்கும் பொருந்துமா என்று நிலையப் பொறுப்பாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கலைஞரின் சம்மதம் இதிலிருந்து தனி. நுழைவு இலவசம் என்றாலும், திறந்தவெளி மேடை என்றாலும், கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். அரைப் பக்கத்தில் ஒரு படிவம் போதும். எந்த நிகழ்ச்சி, எங்கே ஒலிபரப்பாகும், எவ்வளவு நாள் இணையத்தில் இருக்கும், பிடிக்காவிட்டால் எடுக்கச் சொல்லலாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பாடுபவர் மட்டுமல்லாமல் பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். கச்சேரி முடிந்த பரபரப்பில் இதைக் கேட்க முடியாது. ஒலிச் சோதனை நேரத்தில் கேளுங்கள்.

இனி பதிவு. என் மாணவ நாளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சின்ன அரங்கு, எண்பது நாற்காலி இருக்கும். பாட்டு, வயலின், மிருதங்கம். ஒலிக்கலவைப் பலகையிலிருந்து ஒரு கேபிள் எடுத்து என் பதிவுக் கருவியில் செருகிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முதல் வரிசையில் உட்கார்ந்து ரசித்தேன். வீட்டுக்குப் போய்க் கேட்டால் குரல் கணீரென்று இருக்கிறது, வயலினும் இருக்கிறது, மிருதங்கம் மட்டும் எங்கோ தூரத்தில். அரங்கு சின்னது என்பதால் அதற்கு மைக்கே வைக்கவில்லை. ஒலிபெருக்கிக்குப் போவது மட்டும்தான் பலகையில் இருக்கும். பாடகரின் மைக் வழியாகக் கசிந்த சத்தம் மட்டும் எனக்குக் கிடைத்திருந்தது. மிருதங்கம் மட்டும் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் முழுவதும், யாரோ அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. வாசித்த பையனுக்குப் பதினேழு வயது. பொது மேடையில் அவன் வாசித்த முதல் தனி அது. இரண்டு நாள் கழித்து அவன் அம்மா பதிவு கேட்டு அழைத்தார். கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அவரிடம் என்ன சொன்னேன் என்பது இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவே பலகையிலிருந்து வருவதை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாவதாக ஒரு கையடக்கப் பதிவுக் கருவியை அரங்குக்குள், மேடைக்கு நேர் எதிரே, மூன்று நான்கு மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே வருமாறு ஒரு தாங்கியில் நிறுத்துங்கள். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கை வாசிக்கும் பக்கம், சபையைப் பார்த்திருக்கும், அதன் நாதம் அந்தத் தூரத்தில் அழகாக வந்து சேரும். பலகை வழி வரும் குரலில் தெளிவு இருக்கும், அரங்கில் வைத்த கருவியில் மிருதங்கமும் கைதட்டலும் இடத்தின் காற்றும் இருக்கும். இரண்டையும் கலக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகிறது. 10 மீட்டர் தள்ளி வைத்த கருவிக்கு அது ஏறத்தாழ 29 மில்லி நொடி தாமதமாக வரும். அப்படியே கலந்தால் ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும். கச்சேரி தொடங்குமுன் மேடையில் யாரையாவது மைக் அருகே ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். அந்தக் கைதட்டலை வைத்து இரண்டு பதிவையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திவிடலாம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிவுசெய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அட்டையில் இடம் இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். சத்த அளவு உச்சத்தில் -12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். குறைவாகப் பதிவானதை ஏற்றிக்கொள்ளலாம், உடைந்துபோனதை ஒட்ட முடியாது. கருவி வாங்கக் கல்லூரி பணம் தரவில்லை என்றால் கைப்பேசியிலேயே தொடங்குங்கள். அழைப்பு வராதபடி ஏர்பிளேன் மோடில் போட்டு, சுருக்காத வடிவில் பதியும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும். காதில் ஹெட்ஃபோன் மட்டும் கடைசிவரை இருக்கட்டும். அன்று நான் அதைப் போட்டிருந்தால் அந்தத் தனி ஆவர்த்தனம் இன்று என்னிடம் இருந்திருக்கும்.

நாகஸ்வரம், தவில், உருமி மூன்றுக்கும் வேறு கணக்கு. நாகஸ்வரத்தின் அணசுக்கு, அதாவது அடியில் விரிந்திருக்கும் வாய்க்கு, நேரே மைக் வைத்தால் எந்தக் கருவியும் தாங்காது. பக்கவாட்டில், ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். உருமியில் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகல்தான் அதன் உயிர். மறுமுகத்தில் விழும் அடி மைக்கையே திணறவைக்கும். பல கருவிகளில் சத்தத்தைத் தானாகச் சமன்செய்யும் வசதி இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் சத்தம் அமுங்கி, அந்த முனகல் காணாமல் போய்விடும்.

உருமி மேளத்தைப் பற்றி உங்கள் வானொலி தனியாகவே பேச வேண்டும் என்பது என் ஆசை. இங்கே தமிழ் இளைஞர்கள் தாமாகவே கூடி, தாமாகவே பழகி, தலைமுறையாகக் காப்பாற்றிவரும் இசை அது. தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016இல்தான் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. இடைப்பட்ட காலத்தில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை காவடி எடுத்தவர்களுக்கு, கூட வந்தவர்களின் குரலும் கைத்தட்டலும்தான் தாளம். அந்த நாட்களில் நடந்தவர்களும் இருக்கிறார்கள், 2016இல் முதல்முறையாக வாசித்தவர்களும் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். உங்களுக்கு ஒரு மணி நேரம் போதாது. ஊர்வலத்தன்று பதிவுசெய்யப் போனால் வழிபாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நில்லுங்கள், காவடி எடுப்பவர் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டாதீர்கள்.

இடையில் என்ன பேசுவது என்று கேட்டீர்கள். முதலில் பெயர்களைச் சொல்லுங்கள். எல்லாப் பெயர்களையும். "பாடியவர் இன்னார்" என்று சொல்லி நிறுத்தாமல் வயலின், மிருதங்கம், கஞ்சிரா அல்லது கடம், தம்புராவில் இருந்த மாணவி என்று ஒவ்வொருவரையும், சரியான உச்சரிப்போடு, பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்லுங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய காப்புரிமைச் சட்டம் படைத்தவரையும் நிகழ்த்தியவரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். கச்சேரிக்கு வருகிற பெற்றோர் பலரும் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள், ஆனால் ஐந்து வருடம் கழித்து அந்தப் படத்தில் கடம் வாசிப்பவர் யார் என்று கேட்டால் பதில் இராது. ராகம், தாளம், இயற்றியவர் பெயரையும் கச்சேரி முடிந்த உடனேயே பாடகரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். யூகித்துச் சொல்ல வேண்டாம். தப்பாகச் சொன்ன ராகப் பெயருக்கு அடுத்த வாரம் வருத்தம் தெரிவிக்க நேரிடும்.

தனி ஆவர்த்தனத்தை வெட்டாதீர்கள். நேரம் போதவில்லை என்றால் ஒரு பாட்டையே எடுத்துவிட்டுத் தனியை முழுசாகப் போடுங்கள். பக்கவாத்தியக்காரருக்கு அந்தக் கச்சேரியில் அது ஒன்றுதான் சொந்த நேரம்.

பேட்டியில் "இசைமீது ஆர்வம் எப்படி வந்தது" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். கைவேலையைக் கேளுங்கள். "குளிரூட்டிய அரங்கிலிருந்து வெளியே திறந்த மேடைக்குப் போனால் மிருதங்கத்துக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தோல் எப்படித் தளர்கிறது, சுருதி எப்படி இறங்குகிறது, கல்லும் கட்டையும் வைத்து எப்படித் தட்டி ஏற்றுகிறார், இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவைப் பசையை எவ்வளவு அப்புகிறார் என்று ஆரம்பித்துவிடுவார். அப்படியே கையில் இருப்பதைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். தளர்ந்த தோலின் சத்தம், இரண்டு தட்டுக்குப் பிறகு வரும் சத்தம், சுருதி சேர்ந்த சத்தம். வானொலிக்கு இதைவிட நல்ல ஐந்து நிமிடம் கிடைக்காது. வேலைக்கும் தேசிய சேவைக்கும் நடுவே எப்போது பழகுகிறீர்கள் என்றும் கேளுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்குப் பிறகு தவில் பழக முடியாதவர் என்ன செய்கிறார் என்பது நம் ஊர்க் கதை, வேறெங்கும் கேட்க முடியாது.

விமர்சனம் செய்யலாமா என்றால், செய்யுங்கள், ஆனால் ஆளைப் பார்த்து. அரங்கேற்றம் செய்யும் பிள்ளையையும் முப்பது வருடம் மேடை கண்டவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். வளர்கிறவரிடம் நன்றாக வந்த ஒரு இடத்தைப் போட்டுக்காட்டி, அது ஏன் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். மூத்தவர் அசிரத்தையாக வாசித்திருந்தால் மரியாதையோடு அதையும் சொல்லலாம். எல்லாமே "அருமை, அற்புதம்" என்று போனால் மூன்றாம் வாரத்திலிருந்து உங்கள் பாராட்டுக்கு மதிப்பு இருக்காது.

எங்கே போவது? 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகமான சிஃபாஸ் மாணவர் நிகழ்ச்சிகள், மக்கள் கழகத்தின் கீழ் 1985 முதல் இயங்கும் சிங்கப்பூர் இந்திய இசைக்குழு, கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம், 2002இல் திறந்த எஸ்பிளனேட் கலையரங்கின் இலவச மேடைகளும் அதன் இந்தியக் கலை விழாவான கலா உத்சவமும், ஏப்ரலில் தமிழ்மொழி விழா. இவை உங்களுக்கே தெரிந்திருக்கும். எஸ்பிளனேடின் பேபீட்ஸ் விழாவுக்கும் ஒருமுறை போய், சொந்தப் பாட்டு எழுதும் மற்ற மொழி இளைஞர்கள் எப்படித் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். தமிழில் ராப் எழுதுகிறவர்களும் சிறு குழு வைத்திருப்பவர்களும் உங்கள் கல்லூரியிலேயே இருப்பார்கள். அவர்களை நிலையத்துக்கே அழைத்து ஒரு கிட்டாரோடு பாடவையுங்கள்.

ஆனால் தொடங்குவதற்கு என்னைக் கேட்டால் நவராத்திரியைச் சொல்வேன். ஒன்பது இரவும் பல கோயில்களில் மேடை போட்டு உள்ளூர்க் கலைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கிறார்கள். ஒரே வாரத்தில் பாட்டு, வீணை, பரதம், நாகஸ்வரம், பஜனை என்று வரிசையாகக் கிடைக்கும். முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, இரண்டு பேராக முறை வைத்துப் போங்கள். ஒருவர் பதிவைப் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர் குறிப்பேட்டோடு பெயர்களை எழுதட்டும். அந்த ஒன்பது இரவு உங்களுக்கு மூன்று மாத நிகழ்ச்சி.

கடைசியாக, பதிவுகளை எறிந்துவிடாதீர்கள். மாணவர் வானொலியில் நான் கண்ட பெரிய இழப்பு இதுதான். படிப்பு முடிந்து ஒருவர் வெளியேறியதும் அவருடைய மடிக்கணினியோடு எல்லாம் போய்விடும். கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு மாதம் தேதி, பிறகு இடம், பிறகு கலைஞர் பெயர் என்று ஒரே முறையில் வையுங்கள். வெட்டாத முழுப் பதிவும் சம்மதப் படிவமும் பெயர்ப் பட்டியலும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். இரண்டு இடத்தில் பிரதி வைத்து, அவற்றில் ஒன்று கல்லூரி நூலகத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் மக்களின் பேச்சைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. அங்குள்ள தமிழ்ப் பேட்டிகள் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். தேதியும் இடமும் பெயரும் எவ்வளவு ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியும்.

கலைஞருக்கும் அவருடைய பதிவின் ஒரு பிரதியை, கேட்காமலே, அந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும்.